கடை போன் ஒப்பந்தமும் விலகல் கட்டணமும்: எல்லையோர வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமுளியில் எனக்கு ஏலக்காய்க் கடை, கம்பத்தில் கிட்டங்கி. இடையில் ஒரு மலைப்பாதை, ஒரு சோதனைச் சாவடி, இரண்டு எஸ்.டி.டி. குறியீடுகள்: மேலே 04869, கீழே 04554. இரண்டு இடத்தையும் ஒரே எக்ஸ்சேஞ்ச் போல இணைத்துத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னதை நம்பி 36 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். பதினான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு விலகினேன். மறுவாரமே ‘முன்கூட்டியே விலகும் கட்டணம் ரூ. 1,43,000’ என்று கடிதம் வந்தது. அந்தத் தகராறு ஓய ஒன்பது மாதம் ஆயிற்று. அதன்பின் வண்டன்மேட்டிலிருந்தும் போடியிலிருந்தும் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாம் அதே கேள்விகளோடு வருகிறார்கள். ஏலத்துக்குப் போகிற அவசரத்தில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நான் வழக்கறிஞர் அல்ல. தொகை பெரிது என்றால் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

கையெழுத்துப் போட்டாயிற்று. இனி வாய் திறக்க முடியுமா?

முடியும். கையெழுத்துப் போட்டவரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். படிக்காமல் போட்டேன் என்பது சாக்கு ஆகாது. அதில் மாற்றமில்லை. ஆனால் ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தரவேண்டும் என்று தாளில் ஒரு தொகை எழுதியிருப்பதால் மட்டும் அந்தத் தொகை முழுவதும் கடனாகிவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 74 சொல்வது இதுதான்: எழுதிய தொகை உச்சவரம்பு; அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 1963இல் ஃபதே சந்த் வழக்கிலும் 2015இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. இழப்பைக் கணக்கிட முடிகிற இடத்தில் கணக்குக் காட்டித்தான் ஆகவேண்டும். கணக்கிடவே முடியாத இடத்தில்தான், முன்கூட்டி நேர்மையாக மதிப்பிட்ட தொகை என்றால் அதையே கொடுக்கலாம்.

போன் நிறுவனத்தின் இழப்பு கணக்குக்கு அடங்காத மர்மம் ஒன்றுமில்லை. கம்பி இழுத்த செலவு, கடையில் மாட்டிய இணைப்புப் பெட்டியின் விலை, விற்றவருக்குக் கொடுத்த கமிஷன், எல்லாம் அவர்கள் கணினியிலேயே இருக்கிறது.

மீதி மாதங்களின் வாடகை முழுவதையும் கேட்கிறார்களே, அது சரியா?

என் வழக்கும் இதுதான். மாதம் 6,500 ரூபாய், மீதி 22 மாதம், பெருக்கினால் 1,43,000. பெருக்கல் சரி. நியாயம்தான் சரியில்லை. நான் விலகிய பிறகு அந்த 22 மாதமும் அவர்கள் எனக்கு ஒரு அழைப்பைக்கூடக் கொண்டுசெல்லப் போவதில்லை. பழுது பார்க்க ஆள் அனுப்ப வேண்டியதில்லை. என் கடைக்கு ஒதுக்கிய முப்பது சேனல்களை, அதாவது அழைப்பு வழிகளை, இன்னொருவருக்குக் கொடுக்கலாம். சேவை கொடுத்தால் வரும் வருமானத்தைச் சேவை கொடுக்காமலே வாங்குவதற்குப் பெயர் இழப்பீடு இல்லை.

பிரிவு 73இன் விளக்கத்தில் ஒரு வரி உண்டு: இழப்பைக் குறைத்துக்கொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெட்டியைக் கழற்றிப் போக வந்த தம்பி, ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே, “சீக்கிரம் முடிக்கவேண்டும் அண்ணே, நாளைக்கே இது தேக்கடியில் ஒரு விடுதிக்கு வேண்டும்” என்றான். அன்று மாலையே தேதி, நேரம், பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீரியல் எண் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். கழற்றும்போதே ஒரு படமும் எடுத்திருந்தேன். ‘எங்கள் கருவி வீணாகிவிட்டது’ என்று அவர்கள் எழுதியபோது இந்த ஒரு பக்கம் பேசியது போல நான் எழுதிய ஆறு கடிதங்களும் பேசவில்லை.

ஆகவே முதல் கடிதத்தில் கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். ஒரே ஒரு கோரிக்கை போதும்: ‘நீங்கள் கேட்கும் தொகை எப்படி வந்தது? நிறுவும் செலவு, கருவி விலை, திரும்ப எடுத்த கருவியின் மதிப்பு, மிச்சமான இயக்கச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டுங்கள்.’ பதில் வராது, அல்லது ஒப்பந்தத்தின் பதினெட்டாம் பத்தியைத் திருப்பி எழுதுவார்கள். இரண்டும் பின்னால் உங்களுக்கே உதவும்.

முதலாண்டில் சலுகை விலையும் இலவசக் கருவியும் வாங்கிக்கொண்டு இரண்டாம் மாதமே விலகினால் கதை வேறு. அங்கே அவர்களுக்கு உண்மையான இழப்பு இருக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள்.

விலகல் கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதமும் போட்டிருக்கிறார்களே?

எனக்கும் போட்டார்கள்: 25,740 ரூபாய். சேர்த்தால் 1,68,740. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இதில் ஒரு பிடி இருக்கிறது. மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட 178ஆம் சுற்றறிக்கைப்படி, ஒப்பந்த மீறலுக்கான வெறும் இழப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முன்கூட்டி விலக அனுமதிக்கும் வசதிக்கான கட்டணம் என்றால் உண்டு. ‘இது இழப்பீடா, வசதிக் கட்டணமா, எழுத்தில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். இழப்பீடு என்றால் வரி போகவேண்டும். கட்டணம் என்றால், நீங்கள் ஒப்பந்தத்தை மீறவில்லை, அது தந்த வசதியைப் பயன்படுத்தினீர்கள் என்று ஆகிறது. பிறகு மீறல், வழக்கு என்று மிரட்டும் கடிதத்துக்கு என்ன பொருள்? எதிர்த்தரப்புக் கணக்காளர் இந்தக் கேள்விக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

விற்க வந்தவர் ‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்’ என்றார். தாளில் மூன்று ஆண்டு லாக்-இன் (இடையில் விலகக்கூடாத காலம்) இருக்கிறது.

இந்தப் பக்கம் நடக்கும் கூத்தில் பாதி இதுதான். விற்பவர் கோட்டயத்திலிருந்து மலையாளத்தில் பேசுவார், நாம் தமிழில் பதில் சொல்வோம், தாள் ஆங்கிலத்தில் இருக்கும், மூவரும் ஒத்துப்போனதாக முத்திரை விழும்.

பொய்யான தகவல் சொல்லிச் சம்மதம் வாங்கினால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19 இடம் தருகிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு முள்ளும் இருக்கிறது: சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் சில இடங்களில் அந்த வாதம் நிற்காது. லாக்-இன் விவரம் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்திருந்தால் இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இணைப்பு ஆவணத்தில், ‘நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள விதிகளும் பொருந்தும்’ என்ற வரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் வலு கூடும்.

சாட்சியம்தான் முக்கியம். விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழோடு மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யவேண்டும். படிவம் சட்டத்தின் கடைசியிலேயே இருக்கிறது.

ஜூன், ஜூலையில் பாதி நாள் லைன் கிடையாது. அதைக் காரணம் காட்டி விலகலாமா?

மலையில் மழைக் காலத்தில் கேபிள் அறுவது தெய்வச் செயல் என்றுதான் நிறுவனம் சொல்லும். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் ஒத்துக்கொள்ளலாம். எனக்கு ஒரே ஜூலையில் 17 நாள் போனது. புற்றடி ஏலத்தில் விலை என்ன போகிறது என்று கீழே சொல்ல நானே பஸ் நிலையம் வரை நடந்து, சிக்னல் கிடைக்கும் இடத்தில் குடையோடு நின்று செல்பேசியில் பேசினேன்.

ஒவ்வொரு முறையும் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். ஊழியரின் சொந்த எண்ணுக்குப் போன் செய்து ‘தம்பி, கொஞ்சம் பார்’ என்று சொல்வது புகார் ஆகாது. நான் முதல் ஆண்டு முழுவதும் அப்படித்தான் ஏமாந்தேன். பிறகு புகார் எண், அறுந்த நேரம், வந்த நேரம் என்று மூன்று பத்தி போட்டு ஒரு நோட்டு. ஒப்பந்தத்தில் சேவைத் தர உறுதி என்று மாதத்துக்கு இத்தனை சதவீதம் இயங்கும் என எழுதியிருந்தால் நோட்டை அதோடு ஒப்பிடுங்கள். முதலில் வாக்கை மீறியது யார் என்பதை நோட்டே சொல்லும். இயங்காத நாள்களின் வாடகையைத் திருப்பிக் கேட்கவும் மறக்காதீர்கள்.

முதலில் யாரிடம் புகார் செய்வது? டிராய்க்கு எழுதலாமா?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிப்பட்ட புகார்களை விசாரிக்காது. எழுதினால் நிறுவனத்துக்கே அனுப்பிவிடும். டிராயின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முதல் படி நிறுவனத்தின் புகார் மையம். தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. கட்டணம் இல்லை. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். அவரும் நிறுவனத்தின் ஆள்தானே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இந்த இரண்டு படியையும் ஏறியவரை வெளியே மதிப்பார்கள். எனக்கு மேல்முறையீட்டில் வந்த பதில் நான்கு வரி, அதில் என் பெயர் தப்பு. ஆனாலும் கோப்பில் வைத்தேன்.

டிடிசாட் என்னும் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்குக்கும், நுகர்வோர் குழுவாகச் சேர்ந்து போகும் வழக்குக்கும்தான். தனி ஆளுக்கு அது பாதை அல்ல.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் அல்லவா?

போன் தகராறு நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அது கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் வோடஃபோன் ஐடியா வழக்கில் அதை மாற்றி, நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று தீர்த்துவிட்டது.

நமக்குத் தடை வேறு இடத்தில். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்குச் சேவை வாங்குபவர் நுகர்வோர் அல்லர். சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அதன் வாசகம் பொருள்களை மட்டும் சொல்வதால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஆளாகத் தையல் கடையோ ஜீப் வாடகையோ நடத்துபவர் துணிந்து போகலாம். பத்துப் பேர் வேலை செய்யும் கிட்டங்கிக்காரர் போனால் முதல் நாளே ‘இவர் நுகர்வோரா?’ என்ற கேள்வியில் ஓராண்டு போகும்.

போகிறவர்களுக்கு எல்லையோரத்தில் ஒரு வசதி. நீங்கள் வசிக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். வீடு கம்பத்திலும் கடை குமுளியிலும் என்றால் தேனி, இடுக்கி இரண்டும் திறந்திருக்கின்றன. இரண்டு ஆண்டுக் காலக்கெடு. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆனால் ‘இந்த ஒப்பந்த விதியே நியாயமற்றது, செல்லாது என்று அறிவியுங்கள்’ என்று கேட்பதானால் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத் தொகை விதிப்பதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று அந்தச் சட்டமே பிரிவு 2(46)இல் சொல்கிறது. வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாவிட்டாலும் கடிதத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுவதில் நஷ்டமில்லை.

அப்படியானால் வியாபாரிக்கு எந்தக் கதவு?

நிரந்தர மக்கள் நீதிமன்றம். கேரளத்தில் பெர்மனன்ட் லோக் அதாலத் என்றே சொல்வார்கள். இவ்வளவு நல்ல வழியை ஏன் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் பிரிவு 22ஏ, பொதுப் பயன்பாட்டுச் சேவைகளின் பட்டியலில் அஞ்சல், தந்தி, தொலைபேசிச் சேவையைச் சேர்த்திருக்கிறது. நீங்கள் நுகர்வோரா வணிகரா என்று அங்கே கேட்பதில்லை. தொகை வரம்பு ஒரு கோடி. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. மாவட்ட நீதிபதி நிலையில் இருந்தவர் தலைவர். கூட இரண்டு உறுப்பினர்கள்.

முதலில் சமரசம் பேசுவார்கள். சமரசம் ஆகவில்லை என்றால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். வழக்கமான லோக் அதாலத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். தீர்ப்பு உரிமையியல் நீதிமன்ற ஆணைக்குச் சமம். மேல்முறையீடு இல்லை, உயர் நீதிமன்றத்தில் ரிட் மட்டுமே. ஆகவே தோற்றால் நமக்கும் வழி அடைபடும். இன்னொரு நிபந்தனை: விஷயம் வேறு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் அதே தகராறுக்கு எதிர்த்தரப்பும் வேறு நீதிமன்றம் போகமுடியாது. முந்திக்கொள்வதில் பயன் இருக்கிறது.

எந்த ஊரில் அமர்கிறது என்பதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

‘வழக்குகள் புது தில்லியில் மட்டும்’ என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே?

ஒப்பந்தத்துக்குத் தொடர்பே இல்லாத ஊரின் நீதிமன்றத்துக்கு நாமாக எழுதி அதிகாரம் கொடுக்க முடியாது. தொடர்புள்ள பல ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதினால் பொதுவாகச் செல்லும். 1989இல் ஒரு குஜராத் நிறுவனத்துக்கு எதிராகச் சேலத்து நிறுவனம் தொடுத்த வழக்கில், ‘கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று மட்டும் இருந்ததால் சேலத்தின் கதவு மூடவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013இல் வந்த இன்னொரு தீர்ப்பு, ‘மட்டும்’ என்ற சொல் இல்லாவிட்டாலும் நோக்கம் தெளிவாக இருந்தால் போதும் என்றது. ஆகவே ஒரே சொல்லில் தொங்கவேண்டாம்.

தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் ஒருவர் தீர்ப்பார் என்ற விதி இருந்து, நடுவரை நிறுவனமே தனியாக நியமிக்கும் என்று இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். அப்படி ஒருதலையாக நியமிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. பதில் சொல்லாமல் மட்டும் இருக்காதீர்கள்.

எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விடலாமா?

செல்பேசி எண் என்றால் முடியும். கேரள வட்டத்து எண்ணைத் தமிழ்நாட்டு வட்டத்துக்கும் 2015 ஜூலை முதல் மாற்றலாம். நிறுவனப் பெயரில் உள்ள எண்களுக்கும் வட்டம் விட்டு வட்டம் போகும் எண்களுக்கும் ஐந்து வேலை நாள் ஆகும். நிறுவனப் பெயர் என்றால் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவரின் கடிதம் வேண்டும். எண் அந்த நிறுவனத்தில் 90 நாள் இருந்திருக்க வேண்டும். சிம் மாற்றி ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும்.

தடை எங்கே வருமென்றால், கெடு கடந்த பில் பாக்கி இருந்தாலோ, ஒப்பந்தத்தில் விலகல் விதி நிறைவேறாமல் இருந்தாலோ எண்ணை மாற்றுவதற்கான குறியீட்டைத் தர மறுக்கலாம். தப்பித்து மாறிவிட்டாலும் பழைய நிறுவனம் பாக்கி என்று புகார் செய்தால் புதிய நிறுவனம் இணைப்பை நிறுத்த நேரிடும். ஓடிப்போவது தீர்வு அல்ல.

தரைவழி எண்ணுக்கு இந்த வசதியே இல்லை. கடைப் பலகையிலும் சாக்கிலும் அச்சடித்த எண் நிறுவனத்தோடு போய்விடும். விலகுவதற்கு மூன்று மாதம் முன்பே பில் புத்தகத்தில் செல்பேசி எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

தகராறு நடக்கும்போது பில் கட்டவேண்டுமா?

தகராறு இல்லாத பகுதியைக் கட்டிவிடுங்கள். விலகிய தேதி வரையான வாடகையைக் கட்டி, ‘விலகல் கட்டணத்தை ஏற்கவில்லை’ என்று எழுதிப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். ஒரு ரூபாயும் தரமாட்டேன் என்று நிற்பவரின் நியாயம் பாதி அங்கேயே போய்விடுகிறது. வங்கியில் தானாகப் பிடிக்கும் ஆணை கொடுத்திருந்தால் அதை முதலில் ரத்து செய்யுங்கள். என் மைத்துனர் இதை மறந்தார்; 90,000 ரூபாய் ஒரே இரவில் போனது. போன பணத்தைத் திரும்ப வாங்குவது, போகாத பணத்தைக் காப்பதைவிடப் பத்து மடங்கு வேலை.

லோக் அதாலத் நோட்டீஸ் வந்திருக்கிறது. போகாவிட்டால் கைது செய்வார்களா?

மாட்டார்கள். இது உரிமையியல் பாக்கி, குற்றம் அல்ல. வழக்குக்கு முந்தைய சமரச அழைப்புதான் அது. போங்கள்; நோட்டையும் கடிதங்களையும் எடுத்துப் போங்கள். ஒத்துவராத தொகைக்குக் கையெழுத்துப் போட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. போட்டுவிட்டால் அதுவே தீர்ப்பு.

வசூல் ஆட்கள் இரவில் கூப்பிட்டால் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு, எழுத்தில் பேசுங்கள் என்று வைத்துவிடுங்கள். போன் பாக்கியும் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகக்கூடும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் அறிக்கையைப் பாருங்கள். தகராறில் உள்ள தொகை பாக்கியாக ஏறியிருந்தால் அங்கேயும் ஆட்சேபம் பதியலாம்.

நீங்கள் கடைசியில் எவ்வளவு கட்டினீர்கள்?

எல்லோரும் கடைசியில் கேட்பது இதைத்தான். நான் முன்வைத்த கணக்கு: நிறுவும் செலவு 18,000, ஒரு மாத அறிவிப்புக்கு 6,500, ஆக 24,500. நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்கு எழுதிய விண்ணப்பத்தின் நகலை மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பிய பத்தாம் நாள் சமரசம் பேசலாம் என்று அழைப்பு வந்தது. 31,000இல் முடிந்தது. என் காப்புத்தொகை 20,000 அவர்களிடம் இருந்தது. கழித்து 11,000 கொடுத்தேன். இன்னும் இழுத்திருந்தால் குறைந்திருக்கும் என்கிறார் மைத்துனர். ஏலக்காய் சீசன் தொடங்கிவிட்டது. எனக்கு வேறு வேலை இருந்தது.

பணம் கொடுக்கும் முன் ஒரு தாள் வாங்கினேன். ‘இந்த ஒப்பந்தத்தின் கீழ் எந்தப் பாக்கியும் இல்லை, ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது, கடன் தகவல் நிறுவனத்துக்கும் அவ்வாறே தெரிவிப்போம்’ என்று மூன்று வரி, முத்திரையோடு. எட்டு மாதம் கழித்து வேறொரு வசூல் ஆள் அதே பாக்கிக்குக் கூப்பிட்டார். படம் எடுத்து அனுப்பினேன். அதன்பின் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை.